நீண்டகால நோயோ மாற்றுத்திறனோ உள்ள குழந்தையை வீட்டில் பராமரிப்பது: புதிதாகத் தொடங்குவோருக்கு

டிஸ்சார்ஜ் சீட்டைக் கொடுத்து "இனிமேல் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்" என்று டாக்டர் சொல்லும்போது, சந்தோஷத்தைவிடப் பயம்தான் முதலில் வரும். அதுவரை மானிட்டரும் நர்ஸும் பார்த்துக்கொண்ட வேலை இனி உங்களுடையது. மூளை முடக்குவாதம், வலிப்பு நோய், முதுகுத்தண்டுப் பிளவு, தசைச் சிதைவு, பிறவி இதயக் கோளாறு, முதல் வகை நீரிழிவு என்று நோய்கள் பலவகை. ஆனால் மருந்து, உணவு, மூச்சு, தோல், வலி என்று வீட்டில் கவனிக்கவேண்டியவை பெரும்பாலும் ஒன்றுதான். பெற்றோரை நினைத்து எழுதுகிறேன். இந்தக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக வந்திருக்கும் நர்ஸுகளுக்கும் உதவியாளர்களுக்கும் இது பயன்படும்.

குழந்தைகள் வார்டில் பல வருடம் வேலை பார்த்ததில் எனக்கு உறுதியான ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டியூபில் பால் விடுவதும் சளி உறிஞ்சுவதும் கை பழகினால் வந்துவிடும். அதைவிடப் பெரிய திறமை, இந்தக் குழந்தை சாதாரண நாளில் எப்படி இருக்கும் என்று துல்லியமாகத் தெரிந்துவைத்திருப்பதுதான். மற்றக் குழந்தைகளுக்கான அளவுகள் பல நேரம் இவர்களுக்குப் பொருந்தாது. இதயத்தில் ஓட்டையும் ரத்தக்குழாய்க் கோளாறும் சேர்ந்த சில குழந்தைகளுக்கு ஆக்சிஜன் அளவு 80 சதவீதத்தில் இருப்பதே வழக்கமாக இருக்கலாம். வேறொரு குழந்தைக்கு 92 என்றாலே ஆபத்தின் முதல் அறிகுறி. வித்தியாசத்தைச் சொல்லக்கூடியவர் தினமும் பார்க்கிறவர் மட்டுமே.

உங்கள் மருத்துவக் குழு எழுதித் தந்த திட்டம் இந்தக் கட்டுரையிலிருந்து வேறுபட்டால், குழு சொன்னதையே செய்யுங்கள்.

வீட்டுக்கு வருமுன் ஆஸ்பத்திரியிலேயே முடிக்க வேண்டியவை

சொல்லித் தந்ததைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வராதீர்கள். நர்ஸ் செய்ய நீங்கள் பார்ப்பது ஒருமுறை, நர்ஸ் பக்கத்தில் நிற்க நீங்கள் செய்வது பலமுறை என்று இருக்க வேண்டும். டியூப் மாற்றுவது, சக்ஷன் செய்வது (மெஷினால் சளியை உறிஞ்சி எடுப்பது), ஊசி போடுவது எல்லாவற்றையும் உங்கள் கையால் செய்து, "இப்போது ஏன் இதைச் செய்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிக் காட்டுங்கள். கிளம்புவதற்கு முன் ஒரு முழு இரவும் பகலும் வார்டிலேயே குழந்தையின் எல்லா வேலையையும் நீங்களே செய்யக் கேளுங்கள். எது தெரியவில்லை என்பது அந்த இரவில்தான் தெரியும்.

குறைந்தது இரண்டு பேராவது பயிற்சி எடுக்க வேண்டும். அம்மாவுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று விட்டுவிடுகிற குடும்பங்கள் நிறைய. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த நாளில் அந்த வீடு தடுமாறிப் போகிறது.

ராத்திரி இரண்டு மணிக்குச் சந்தேகம் வந்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும், எந்த நிலையில் கூப்பிடாமலே கிளம்பி வர வேண்டும், டியூப், கதீட்டர் (உள்ளே விட்டு எடுக்கும் மெல்லிய குழாய்), சிரிஞ்சு தீர்ந்தால் எங்கே வாங்குவது, மெஷின் பழுதானால் யார் வருவார், இவற்றை எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். மின்சாரத்தில் ஓடும் கருவி எதுவானாலும் மின்வெட்டின்போது எவ்வளவு நேரம் பேட்டரி தாங்கும் என்று வீட்டில் ஒருநாள் சோதித்துப் பாருங்கள். சக்ஷன் மெஷினுக்குக் கையாலோ காலாலோ இயக்கும் மாற்று ஒன்று இருப்பது நல்லது. வீட்டில் ஆக்சிஜன் இருந்தால் அந்த அறைக்குள் நெருப்பு, விளக்கு, சிகரெட் எதுவும் கூடாது. மூக்கு வறண்டாலும் எண்ணெய் சார்ந்த களிம்பைத் தடவாதீர்கள். ஆக்சிஜனோடு சேர்ந்தால் அது தீப்பிடிக்கக்கூடும். நீர் சார்ந்த ஜெல் வாங்கிக்கொள்ளலாம்.

ஒரே பக்கத்தில் குழந்தையின் குறிப்பு

முதல் வாரத்திலேயே செய்யவேண்டிய வேலை இது. அவசர சிகிச்சைப் பிரிவில் உங்கள் குழந்தையை முதன்முதலாகப் பார்க்கும் டாக்டருக்குத் தடிமனான ஃபைலைப் புரட்ட நேரம் கிடையாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமியும் அங்குள்ள அவசர மருத்துவர் அமைப்பும் சேர்ந்து இதற்கென்றே ஒரு படிவம் உருவாக்கியிருக்கின்றன. அந்தப் படிவம்தான் வேண்டும் என்றில்லை. ஒரு வெள்ளைத் தாளே போதும்.

நோயின் பெயர், செய்த அறுவை சிகிச்சைகள், இப்போதைய எடை, ஒவ்வாமை, மருந்துகள், டியூபின் வகையும் அளவும், டாக்டரின் பெயர், தொடர்பு எண் ஆகியவற்றை எல்லோரும் எழுதிவிடுவார்கள். விட்டுப்போவது "சாதாரண நாள்" பகுதிதான். நன்றாகத் தூங்கும்போது மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணி எழுதுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது வேண்டாம், குழந்தைகளின் மூச்சு சீராக இருக்காது. வழக்கமான ஆக்சிஜன் அளவு, உதட்டு நிறம், கை கால் இறுக்கம், வழக்கமாக வரும் ஃபிட்ஸ் எப்படியிருக்கும், எத்தனை நிமிடத்தில் நிற்கும் என்பவற்றைக் குறியுங்கள். "ஆமாம்" என்பதை எப்படிக் காட்டும், "வேண்டாம்" என்பதை எப்படிக் காட்டும், வலித்தால் என்ன செய்யும், எந்தச் சத்தத்துக்குப் பயப்படும், எப்படித் தூக்கினால் அமைதியாகும். பேசாத குழந்தைக்காகப் பேசப்போவது இந்த வரிகள்தான்.

ஒரு பிரதி பையில், ஒன்று பள்ளியில், ஒரு படம் போனில். மருந்து மாறும்போதெல்லாம் திருத்தி, மேலே தேதி போடுங்கள். பழைய டோஸ் எழுதிய தாள் ஆபத்தானது.

மருந்து

தவறு அதிகம் நடக்கும் இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குழந்தைகளுக்கு டோஸ் எடையை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. சீட்டில் மி.கி. என்று இருக்கும், நீங்கள் அளப்பதோ மி.லி. இரண்டும் ஒன்றல்ல. 100 மி.கி. கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 மி.லி.யில் 100 மி.கி. உள்ள சிரப் என்றால் 5 மி.லி. கொடுக்க வேண்டும். கடையில் அது இல்லை என்று 5 மி.லி.யில் 200 மி.கி. உள்ள வேறு பாட்டிலைக் கொடுத்துவிட்டால், அதே 5 மி.லி. இரண்டு மடங்கு டோஸாகிவிடும். சரியான அளவு 2.5 மி.லி.தான். பாட்டில் மாறும் ஒவ்வொரு தடவையும் லேபிளில் இந்த எண்ணைப் படியுங்கள். பெட்டியின் நிறம் பழையதைப் போலவே இருந்தாலும் படியுங்கள்.

அளக்க சமையலறைக் கரண்டி வேண்டாம். வாய்வழி மருந்துக்கான சிரிஞ்சே சரி. கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் புரையேறாது. மாத்திரையை நசுக்குவதற்கு முன் மருந்தாளரிடம் கேளுங்கள். மெதுவாகக் கரைந்து வேலை செய்யும் மாத்திரையை நசுக்கினால் நாள் முழுக்கக் கிடைக்கவேண்டிய மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும்.

இரண்டு வகை மருந்துகளைச் சொந்தமாக நிறுத்தவே கூடாது. ஒன்று வலிப்பு மருந்து. திடீரென்று நின்றால் விடாத வலிப்பு வரலாம். இன்னொன்று நீண்டநாள் எடுத்துவரும் ஸ்டீராய்டு. அதை எடுக்கும் குழந்தையின் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்திருக்கும். காய்ச்சல், வாந்தி, அறுவை சிகிச்சை போன்ற நேரங்களில் டோஸை நிறுத்துவது இருக்கட்டும், கூட்ட வேண்டியே வரலாம். அந்த "நோய்நாள் திட்டத்தை" முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். மருந்து கொடுத்த சிறிது நேரத்தில் குழந்தை வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்கலாமா என்பதையும் ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாகக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளும் வீட்டில், கொடுத்த கையோடு நேரத்தை எழுதி டிக் போடும் தாள் ஒன்று சுவரில் இருக்கட்டும். "நீ கொடுத்திருப்பாய் என்று நினைத்தேன்" என்ற பேச்சுக்கு அங்கே இடமிருக்காது.

உணவு: வாய் வழியாக, டியூப் வழியாக

வாய் வழியாகச் சாப்பிடும் குழந்தை என்றால் முதலில் உட்காரும் நிலையைச் சரிசெய்யுங்கள். முதுகும் தலையும் தாங்கலோடு நிமிர்ந்திருக்க வேண்டும், பாதம் எதன்மேலாவது பதிந்திருக்க வேண்டும், முகவாய் சற்றே கீழ்நோக்கி இருக்க வேண்டும். தலையைப் பின்னால் சாய்த்து வாயில் ஊற்றுவது ஆபத்து. உணவு மூச்சுக்குழாய்க்குள் போவதற்கு அதுவே வழி திறந்துவிடுகிறது. சாப்பிடும்போது இருமல், கண்ணில் நீர், நிறம் மாறுவது, சாப்பிட்டபின் ஈரமான கரகரத்த குரல், அடிக்கடி நெஞ்சுச் சளி ஆகியவை உணவு தவறான வழியில் போவதன் அடையாளங்கள். சில குழந்தைகளுக்கு இருமலே வராமலும் உள்ளே போகும். சந்தேகம் வந்தால் விழுங்குதலைப் பரிசோதிக்கும் பேச்சுப் பயிற்சி நிபுணரைக் கேளுங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே ஒரு மணி நேரம் ஆகிறது, இருந்தும் எடை ஏறவில்லை என்றால், வயிற்றில் டியூப் வைக்கலாமா என்ற பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள். டியூப் வைப்பதைத் தங்கள் தோல்வியாக எடுத்துக்கொள்ளும் அம்மாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். குழந்தைக்கு ஊட்டம் போய்ச்சேருகிறது என்பதே முக்கியம். வாய்க்குப் பாதுகாப்பானதாக நிபுணர் சொல்லும் சுவைகளை டியூபோடு சேர்த்தே கொடுக்கலாம்.

மூக்கு வழி டியூப் என்றால் ஒவ்வொரு முறை எதையாவது உள்ளே விடுமுன்னும் அது வயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூக்கின் ஓரத்தில் டியூபில் உள்ள குறி இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு சிரிஞ்சால் கொஞ்சம் வயிற்றுநீரை இழுத்து, அமில அளவைக் காட்டும் பி.எச். தாளில் தொடுங்கள். பல இடங்களில் 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் விடலாம் என்பது விதி. அமிலத்தைக் குறைக்கும் மருந்து சாப்பிடும் குழந்தைக்கு எண் கூடுதலாக வரலாம். அப்போது என்ன செய்வது என்று குழுவிடம் முன்பே கேட்டிருக்க வேண்டும். சிரிஞ்சால் காற்றை அடித்து வயிற்றில் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கும் பழைய முறையை நம்பாதீர்கள். டியூப் நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும்.

பால் விடும்போதும் விட்டபின் குறைந்தது அரை மணி நேரமும் தலைப்பக்கம் உயர்ந்திருக்கட்டும். முன்னும் பின்னும் தண்ணீர் விட்டு டியூபைக் கழுவுங்கள். பல மருந்துகளை ஒரே சிரிஞ்சில் கலக்காமல் ஒவ்வொன்றாக விட்டு, நடுவில் தண்ணீர் விடுங்கள். டியூப் அடைத்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் மருந்துக் கலவைதான் காரணம். வேகமாக ஏற்றினால் வாந்தி வரும். புவியீர்ப்பில் தானாக இறங்கட்டும், சிரிஞ்சை அழுத்தித் தள்ள வேண்டாம்.

வயிற்றில் வைத்த டியூப் கழன்று விழுந்தால் நேரம் முக்கியம். துவாரம் சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கிவிடும். டியூப் வைத்துச் சில வாரங்களே ஆகியிருந்தால் நீங்களாக மறுபடி செருகாதீர்கள், துவாரத்தைச் சுத்தமான துணியால் மூடி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். புண் நன்றாக ஆறிய பழைய துவாரம் என்றால், பயிற்சி எடுத்தவர் மாற்று டியூபைப் போடலாம். அதனால் மாற்று டியூப் எப்போதும் பையில் இருக்க வேண்டும்.

வாயால் ஒன்றுமே சாப்பிடாத குழந்தைக்கும் தினம் இருமுறை பல் துலக்க வேண்டும். வாயில் பெருகும் கிருமிகள் எச்சிலோடு நெஞ்சுக்குள் இறங்கிச் சளிக்காய்ச்சலாக மாறும். வீட்டில் எல்லோரும் சாப்பிடும் நேரத்தில் டியூப் குழந்தையும் அந்த வட்டத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.

மூச்சு

கழுத்தில் டிரக்கியாஸ்டமி டியூப் (மூச்சுவிடுவதற்காகக் கழுத்தில் துளையிட்டு வைத்த குழாய்) உள்ள குழந்தையைக் கண் பார்வையை விட்டு விலக விடக்கூடாது. அழுகைச் சத்தம் வெளியே வராமல் போகலாம், ஆகவே அடுத்த அறையிலிருந்து காதை நம்ப முடியாது. கூடவே போகும் பையில் அதே அளவு டியூப் ஒன்று, ஓர் அளவு சிறியது ஒன்று, கழுத்துப் பட்டை, கத்தரிக்கோல், சக்ஷன் கதீட்டர்கள், கையால் மூச்சு கொடுக்கும் பை ஆகியவை இருக்க வேண்டும். பக்கத்து அறைக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் பையும் கூட வர வேண்டும்.

சக்ஷன் செய்வதைக் கொஞ்சம் கிட்டே நின்று பார்ப்போம். கரகரவென்று சத்தம், மூச்சில் திணறல், மூக்கு விடைப்பது, ஆக்சிஜன் இறங்குவது இவற்றில் ஏதாவது இருந்தால்தான் செய்ய வேண்டும், மணிக்கணக்கு வைத்து அல்ல. கையைக் கழுவுங்கள். மெஷினை ஓடவிட்டு இழுக்கிறதா என்று பாருங்கள். "இப்போது சளி எடுக்கப்போகிறேன், சீக்கிரம் முடிந்துவிடும்" என்று குழந்தையிடம் சொல்லுங்கள். கதீட்டரை, டியூபின் நீளத்தைவைத்து முன்பே குறித்துவைத்த ஆழம் வரைதான் விடலாம். தடை தட்டும் வரை தள்ளினால் மூச்சுக்குழாயின் உட்சுவர் புண்ணாகும். உள்ளே போய் வெளியே வருவதற்கு மொத்தம் 5 முதல் 10 விநாடி. உங்கள் மூச்சையும் அடக்கிக்கொண்டு செய்து பாருங்கள், நேரம் தெரியும். பிறகு குழந்தையை மூச்சுவாங்க விட்டு, நிறத்தைப் பார்த்து, தேவையென்றால் மறுபடி. வந்த சளியைப் பார்க்காமல் தூக்கிப்போடாதீர்கள். நிறம் மாறியதா, கெட்டியானதா, ரத்தம் உண்டா, நாற்றம் வந்ததா என்று கவனித்துக் குறியுங்கள். கெட்டியாகிறது என்றால் மூச்சுக் காற்றில் ஈரப்பதம் போதவில்லை அல்லது உடம்பில் நீர் குறைகிறது. கதீட்டர் உள்ளே இறங்காமல் குழந்தை திணறினால் டியூப் அடைத்துவிட்டது என்று பொருள். உடனே டியூபை மாற்றுங்கள், கூடவே உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். இந்த ஒன்றை மட்டும் மாதம் ஒருமுறையாவது வீட்டில் ஒத்திகை பாருங்கள்.

ஃபிட்ஸ் வந்தால்

கடிகாரத்தைப் பாருங்கள். முதல் வேலை அதுதான். பயத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடம்போலத் தெரியும். குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, இறுக்கமான ஆடையைத் தளர்த்தி, இடிக்கக்கூடிய பொருள்களை விலக்குங்கள். வாயில் கரண்டி, துணி, விரல், தண்ணீர் எதுவும் வேண்டாம். நாக்கை யாரும் விழுங்கிவிட முடியாது. ஆட்டத்தை நிறுத்தக் கை காலை அழுத்திப் பிடிக்கவும் கூடாது. இன்னொருவர் இருந்தால் போனில் வீடியோ எடுக்கட்டும், டாக்டருக்கு ஆயிரம் வார்த்தை விளக்கத்தைவிட அது உதவும்.

ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அவசரம். கன்னத்தின் உள்பக்கத்திலோ மூக்கிலோ விடும் மிடஸோலம், ஆசனவாயில் வைக்கும் டயஸெபம் என்று டாக்டர் தந்த மீட்பு மருந்தை அந்த நேரத்தில் கொடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சிலருக்குத் திட்டத்தில் இன்னும் முன்னதாகவே கொடுக்கச் சொல்லியிருப்பார்கள். முதன்முறை வலிப்பு, நினைவு திரும்பாமல் அடுத்தடுத்து வருவது, தண்ணீருக்குள் இருக்கும்போது வருவது, நின்றபின்னும் மூச்சு சரியாகாதது ஆகியவற்றுக்கு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டாம்.

தோல், எலும்பு, தூக்கும் முறை

தானாகப் புரள முடியாத குழந்தையைப் படுக்கையில் ஏறத்தாழ இரண்டு மணிக்கொருமுறை திருப்புங்கள். தினம் குளிப்பாட்டும்போது பின்மண்டை, காது மடல், தோள்பட்டை, இடுப்பு எலும்பு, பிட்டத்தின் மேல்பகுதி, முழங்கால், குதிகால் என்று வரிசையாகப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து மறுபடி சிவக்க வேண்டும். வெளுக்கவே இல்லை என்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. கருத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. அங்கே கையால் தொட்டுப் பாருங்கள். பக்கத்து இடத்தைவிடச் சூடாக, கல்லுப்போல, அல்லது கொழகொழவென்று இருக்கிறதா, ஊதா நிறம் ஏறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஸ்பிளிண்டைக் (கை காலை நேராகத் தாங்கிப் பிடிக்கும் அச்சு) கழற்றியபின் உண்டான தடம் அரை மணி நேரத்தில் மறைய வேண்டும். மறையாவிட்டால் அதை மறுபடி மாட்டாமல், செய்துகொடுத்தவரிடம் எடுத்துப் போங்கள். டேப், டியூப், ஆக்சிஜன் மாஸ்க் படும் இடங்களிலும் புண் வரும்.

நடக்காத குழந்தைகளுக்கு எலும்பு மெலிந்திருக்கும். டயாபர் மாற்றும்போது ஒரு காலைப் பிடித்துத் தூக்கினால்கூட முறியலாம். இடுப்பின் அடியில் கைகொடுத்து உருட்டி மாற்றுங்கள். அக்குளில் கைவைத்தோ கையைப் பிடித்தோ தூக்காதீர்கள். குழந்தை வளர வளர உங்கள் முதுகும் முக்கியம். தூக்கக் கஷ்டமாகிறது என்று தோன்றும் முன்பே தூக்கும் கருவி, சறுக்குப் பலகை பற்றிப் பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். இடுப்பெலும்பு நழுவுகிறதா, முதுகுத்தண்டு வளைகிறதா என்று குறித்த இடைவெளியில் பார்க்கும் சோதனைகளைத் தவறவிடக் கூடாது. வெளியே தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

சிறுநீரும் மலமும்

முதுகுத்தண்டுப் பிளவு உள்ள பல குழந்தைகளுக்குச் சிறுநீர்ப்பை தானாகக் காலியாகாது. தேங்கினால் சிறுநீரகம் கெட்டுவிடும். 1972-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஜாக் லேபிடஸ் என்ற சிறுநீரியல் மருத்துவர், சுத்தமான கையால் சுத்தமான கதீட்டரை நாளில் பலமுறை விட்டு எடுத்தாலே போதும், ஆஸ்பத்திரி அளவுக்குக் கிருமியற்ற முறை தேவையில்லை என்று காட்டினார். பல குழந்தைகளின் சிறுநீரகத்தைக் காப்பாற்றிய மாற்றம் அது. பகலில் மூன்று, நான்கு மணிக்கொருமுறை என்பது பொதுவான இடைவெளி. எட்டு வயதில் தானே செய்யக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் உண்டு. இந்தக் குழந்தைகளுக்கு லேடெக்ஸ் ரப்பர் ஒவ்வாமை அதிகம் என்பதால் கதீட்டர், கையுறை, பலூன் எல்லாமே லேடெக்ஸ் இல்லாததாகப் பாருங்கள். காலில் உணர்ச்சி இல்லாதவர்களுக்குக் குளிக்கும் தண்ணீரின் சூட்டை உங்கள் முழங்கையால் பார்த்தபிறகே ஊற்றுங்கள்.

மலச்சிக்கலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வலி, வாந்தி, பசியின்மை, கை கால் இறுக்கம் கூடுவது, சிறுநீர்த் தொற்று என்று அது பல வேடத்தில் வரும். பல நாள் இறுகியபின் திடீரென்று தண்ணீராகப் போனால் வயிற்றுப்போக்கு என்று நினைத்து மலச்சிக்கல் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். இறுகிய மலத்தைச் சுற்றிக்கொண்டு வடியும் நீராக அது இருக்கலாம்.

சொல்லத் தெரியாத வலி

வார்டில் ஒரு பையன் இருந்தான். பேச்சு வராது, மூளை முடக்குவாதம். சில நாளாகத் தன் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டே இருந்தான். "இந்தப் பிள்ளைகளுக்கு இது சகஜம்" என்று எல்லோரும் சொன்னார்கள். அவன் பாட்டி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "என் பேரன் கோபம் வந்தால் தலையை ஆட்டுவான், கடிக்கமாட்டான். இது வேற ஏதோ" என்றார். வாயைத் திறந்து பார்த்தபோது பின்பல்லுக்கடியில் சீழ் கட்டியிருந்தது. பல்லைப் பிடுங்கியதும் கடிப்பது நின்றது.

எந்த மாற்றத்தையும் "நோயின் தன்மை" என்று ஒதுக்கிவிடுவதுதான் இந்தக் குழந்தைகளுக்கு நேரும் பெரிய அநியாயம். முகம், கால், உடம்பின் அசைவு, அழுகை, தேற்ற முடிகிறதா என்ற ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போட்டு மொத்தம் பத்துக்குக் கணக்கிடும் முறை ஒன்று 1997 முதல் புழக்கத்தில் உண்டு. பேசாத குழந்தைகளுக்காகப் பின்னர் அதில் பெற்றோர் சொல்லும் தனி அடையாளங்களையும் சேர்த்தார்கள். "என் மகள் வலித்தால் சத்தமே போடமாட்டாள், கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள்" என்பதுபோல உங்கள் குழந்தைக்கு உரியதை எழுதிக் கொடுங்கள்.

காரணம் தெரியாத அழுகைக்கு நான் பார்க்கும் வரிசை இது: காது, பல், தொண்டை, கண்ணில் கீறல், நெஞ்செரிச்சல், மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, இடுப்பு, எலும்பு முறிவு, மடங்கிப்போன ஸ்பிளிண்ட் பட்டை, கால்விரலில் சுற்றிய முடி. இதில் எதுவும் இல்லையென்றாலும் "என் பிள்ளை இப்படி இருக்கமாட்டான்" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த வாக்கியத்துக்கு மருத்துவ மதிப்பு உண்டு.

உடனே கிளம்பவேண்டிய நேரங்கள்

நெஞ்சில் ரத்தக்குழாய் வழியே நிரந்தரக் குழாய் இருக்கும் குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சலோ நடுக்கமோ வந்தால், மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. ரத்தத்தில் கிருமி பரவியிருக்கலாம். அரிவாள் செல் சோகை உள்ள குழந்தைக்கும் காய்ச்சல் என்றால் அவசரம்தான், பல குழுக்கள் 38.5 டிகிரியை எல்லையாகச் சொல்கின்றன. மூளையில் ஷண்ட் (மூளையில் தேங்கும் நீரை வடிக்க வைத்த குழாய்) உள்ள குழந்தைக்குத் தலைவலி, வாந்தி, தூங்கிவழிவது, கைக்குழந்தை என்றால் உச்சிக்குழி புடைப்பது, கண் கீழ்நோக்கியே நிற்பது ஆகியவை ஷண்ட் அடைத்ததன் அறிகுறி. வாந்தி மட்டும் இருந்தாலும் வயிற்றுக் கோளாறு என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

முதல் வகை நீரிழிவில் ரத்தச் சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே போனால், விழுங்க முடிகிற குழந்தைக்கு உடனே கரைந்த சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி சோதியுங்கள். மயங்கிய குழந்தையின் வாயில் எதையும் ஊற்றாமல் ரத்தச் சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் மருந்தைப் போட்டு ஆம்புலன்ஸை அழையுங்கள். சாப்பிடவில்லை என்பதற்காக இன்சுலினை முழுவதும் நிறுத்தக் கூடாது. உடம்பு சரியில்லாத நாளில் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடம்பில் சேரும் அமிலப் பொருள்) அளவைப் பாருங்கள், டோஸைக் குழுவிடம் கேட்டு மாற்றுங்கள்.

மருத்துவ வேலைக்கு நடுவில் ஒரு குழந்தை

தொடுமுன் சொல்லுங்கள், கேட்கக்கூடிய இடத்தில் கேளுங்கள். "டிரெஸ்ஸிங் மாற்றலாமா வேண்டாமா" என்று கேட்க முடியாது, ஆனால் "இடது பக்கம் முதலா, வலது பக்கம் முதலா" என்று கேட்கலாம். 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, தன்னைப் பற்றிய முடிவுகளில் குழந்தையின் கருத்தைக் கேட்கச் சொல்கிறது. கண்ணசைவாலும் படப் பலகையாலும் கருத்துச் சொல்லும் குழந்தைக்கும் அது பொருந்தும். உடை மாற்றும்போது கதவைச் சாத்துங்கள். பலர் கை படும் உடம்பு என்பதால் இந்தக் குழந்தைகள் துன்புறுத்தலுக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். யார் எதற்காகத் தொடலாம், பிடிக்காவிட்டால் எப்படிக் காட்டுவது என்று சொல்லிக் கொடுங்கள். வலி தரும் சிகிச்சையைக் குழந்தையின் கட்டிலில் செய்யாமல் வேறிடத்தில் செய்ய முடிந்தால் செய்யுங்கள். விளையாட்டு, பள்ளி, கதை கேட்கும் நேரம் ஆகியவற்றுக்கும் அட்டவணையில் இடம் ஒதுக்குங்கள்.

அண்ணன் தங்கைக்கு வயதுக்கேற்ற உண்மையைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் தன்னால்தான் இப்படி ஆனது என்று நினைத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. உதவி கேட்டால் செய்யட்டும், ஆனால் அவர்களைக் குட்டி நர்ஸாக்கிவிடாதீர்கள்.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரவுத் தூக்கத்தை இருவர் பங்கிடுங்கள். யாராவது "ஏதாவது உதவி வேண்டுமா" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்னாமல், "புதன்கிழமை இரண்டு மணி நேரம் வந்து உட்காருங்கள்" என்று நேராகக் கேளுங்கள். பல வாரமாக எதிலும் மனம் ஒட்டவில்லை, அழுகை அடங்கவில்லை என்றால் உங்களுக்காக ஒரு டாக்டரைப் பாருங்கள்.

வளரும் பிள்ளைக்குப் பொறுப்பைச் சிறுகச் சிறுகக் கொடுங்கள். ஆறு வயதில் மருந்தின் பெயர், எட்டு, பத்து வயதில் சிரிஞ்சில் அளவு பார்ப்பது, முடிந்தால் கதீட்டர் தானே விடுவது. 12, 14 வயதிலிருந்து டாக்டரைப் பார்க்கும்போது முதல் சில நிமிடம் அவனோ அவளோ பேசட்டும், நீங்கள் பிறகு சேர்ந்துகொள்ளுங்கள். பெரியவர்களுக்கான டாக்டரிடம் மாறும் பேச்சையும் அந்த வயதிலேயே தொடங்கிவிட வேண்டும். எந்த மருத்துவர், எந்தத் தேதியிலிருந்து, மருந்துச் சீட்டு யார் எழுதுவார், மாறும் இடைவெளியில் அவசரம் என்றால் எங்கே போவது, இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். தன்னால் முடிவெடுக்க முடியாத பிள்ளை என்றால், வயது வந்தபின் யார் சட்டப்படி கையெழுத்துப் போடலாம் என்பதை அதற்கு ஓரிரு வருடம் முன்பே ஒரு வழக்கறிஞரிடமோ சமூகப் பணியாளரிடமோ கேட்டு முடித்துவிடுங்கள்.